ஸ்நாக்ஸுக்கு ஒரு துணிப்பை: மூன்று தைத்தால் இரண்டு வருஷத்துக்குப் போதும்!

பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், பழைய நியூஸ்பேப்பரும் வேண்டாம். ஒரு மீட்டர் காடாத் துணியும் அரை நாள் நேரமும் போதும். ஆனால் எந்தத் துணி, என்ன அளவு, எப்படித் துவைப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஒருவருக்கு கம்பெனி பஸ், இன்னொருவருக்கு புறநகர் ரயில், பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன். சாதமும் குழம்பும் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போய்விடும். அதில் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் 11 மணி இடைவேளைக்குக் கொடுத்துவிடும் நாலு முறுக்கு, இரண்டு ஸ்லைஸ் பிரெட், ஒரு கைப்பிடி வேர்க்கடலை விஷயத்தில்தான். அதற்கென்று தனி டப்பா தேட நேரமிருக்காது. கைக்கு எட்டிய கவரில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

இந்தக் கவரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் ஒருவர். ஆளுக்கு நாளுக்கு ஒன்று, வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்தாலே 600 கவர். ஒவ்வொன்றும் பயன்படுவது சில மணி நேரம்தான். பிறகு குப்பைத் தொட்டிக்கோ, தெருவோரக் கால்வாய்க்கோ, மாலையில் யாராவது கொளுத்தும் குப்பை நெருப்புக்கோ போய்விடும். அந்தப் புகையும் திரும்ப நம் வீட்டு ஜன்னலுக்குத்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கேரி பேக் மட்டுமல்ல, உணவைச் சுற்றித் தரும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஒரு காலத்தில் கிராமத்து ஆளைக் கிண்டல் செய்யப் பயன்பட்ட மஞ்சப்பை, அதற்குப் பிறகு கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மெஷினிலிருந்து வரும் பொருளாகிவிட்டது.

காய்கறிப் பை மாறியது. ஆனால் சாப்பாட்டுக் கூடைக்குள் போகும் குட்டிக் கவர் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அதற்கு மாற்றாகப் பலர் எடுப்பது நியூஸ்பேப்பர். அதுவும் சரியில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவைப் பேப்பரில் பொட்டலம் கட்டுவது பற்றி 2016-லேயே எச்சரித்தது. 2018-ல் வந்த பேக்கேஜிங் விதிமுறைகள், உணவை நியூஸ்பேப்பரில் வைப்பதையும் சுற்றுவதையும் தடை செய்கின்றன. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள், குறிப்பாக எண்ணெய்ப் பலகாரத்தில், எளிதாக இறங்கிவிடும் என்பதே காரணம்.

அப்படியானால் மிச்சமிருப்பது டப்பாவும் துணியும்தான். ஈரமான சாப்பாட்டுக்கு டப்பா. உலர்ந்த தீனிக்குத் துணி.

இது நமக்குப் புதுசு இல்லை

துணியில் சாப்பாடா என்று முகம் சுளிப்பவர்கள், சமையலறையில் இருக்கும் இட்லித் துணியை நினைத்துப் பார்க்கலாம். ஈர மாவை நேராகத் துணியின் மேல்தான் ஊற்றுகிறோம். அதே துணியை அடுத்த நாளும் பயன்படுத்துகிறோம். யாருக்கும் அருவருப்பு வருவதில்லை. காரணம், அந்தத் துணிக்கென்று வீட்டில் எழுதாத சட்டங்கள் இருக்கின்றன. அது வெள்ளைப் பருத்தியாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் தொடக் கூடாது. மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. அன்றன்றைக்கே அலசி வெயிலில் காயவைக்க வேண்டும்.

ஸ்நாக்ஸ் பைக்கும் இதே சட்டம்தான். இட்லித் துணிக்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுத்தால் போதும், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை, பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோற்று மூட்டை எல்லாமே துணிதான். அதுவும் இந்தப் பகுதிக்குத் துணி அந்நியம் கிடையாது. கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதற்கு முக்கியக் காரணம், சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி வியாபாரம். இங்கிருந்து போன வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்றே பெயர் விழுந்தது. இன்றைக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் தறிச் சத்தம் கேட்கிறது.

எந்தத் துணி நல்லது?

உள்பக்கம், அதாவது உணவைத் தொடும் பக்கம், சாயம் போடாத பருத்தித் துணியாக இருக்கட்டும். துணிக்கடையில் 'காடாத் துணி' என்று கேட்டால் கொடுப்பார்கள். நன்றாகத் துவைத்துப் பழகிய வெள்ளை வேட்டி இன்னும் நல்லது. வெளிப்பக்கத்துக்குச் சாயம் ஒட்டாத பாப்ளின் துணியோ, பழைய காட்டன் சட்டையோ, புடவையோ போதும்.

புதுக் காடாத் துணியில் கஞ்சி இருக்கும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு முதல் துவையலிலேயே பை சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன.

* பனியன் வேஸ்ட், கம்பெனித் துண்டுத் துணி: தொழிற்சாலைகளில் மெஷின் துடைக்க வாங்கும் துணிக் கழிவு. பார்க்க வெள்ளையாக, புதிதாக இருந்தாலும் எங்கே கிடந்தது, எதைத் தொட்டது என்று தெரியாது. சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவரவே கூடாது.
* ஃப்ளெக்ஸ் பேனர், சிமென்ட் சாக்கு: கூடை, பை தைக்க ஆகும். உணவு வைக்க ஆகாது.
* கடைகளில் கொடுக்கும் நான்-ஓவன் பை: துணி மாதிரி இருக்கும். ஆனால் அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்.
* நைலான், பாலியஸ்டர் புடவை: எண்ணெய் வாடை பிடித்தால் லேசில் போகாது.

சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் உதிரும். பிளாஸ்டிக் இழை என்றால் உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்படும்.

சாண்ட்விச் பை: அளவும் செய்முறையும்

தலையணை உறையில் வாய்ப்பக்கம் ஒரு மடிப்பு இருக்குமே, அதே உத்திதான். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். ஒட்டும் டேப்பும் வேண்டாம். ஜிப் பல்லிலும் டேப்பின் கொக்கியிலும்தான் பிரெட் தூள் போய் உட்கார்ந்து, கழுவினாலும் வராமல் அடம்பிடிக்கும்.

ஒரு பைக்கு 8 இஞ்ச் அகலம், 17 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டுகள் தேவை. ஒன்று உள்துணி, ஒன்று வெளித்துணி. 36 இஞ்ச் பன்னா உள்ள ஒரு மீட்டர் துணியில் இப்படி 8 துண்டுகள் கிடைக்கும். அதாவது உள்ளும் புறமும் சேர்த்து 4 பைகள்.

1. இரண்டு துண்டுகளின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி வைத்து, நான்கு ஓரமும் அரை இஞ்ச் விட்டுத் தைக்கவும். ஒரு 8 இஞ்ச் ஓரத்தின் நடுவில் மட்டும் 3 இஞ்ச் தைக்காமல் விடவும்.
2. தையலுக்கு வெளியே உள்ள துணியைக் கால் இஞ்ச்சாகக் குறைத்து வெட்டவும். நான்கு மூலைகளையும் தையலை வெட்டிவிடாமல் சாய்வாகக் கத்தரிக்கவும். விட்ட இடைவெளி வழியாக நல்ல பக்கத்தை வெளியே திருப்பவும்.
3. இஸ்திரி போடவும். இப்போது 7 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் நீளம் உள்ள பட்டை கிடைக்கும். இரண்டு 7 இஞ்ச் ஓரங்களிலும் விளிம்பை ஒட்டி மேல்தையல் போடவும். விட்ட இடைவெளியும் இதிலேயே மூடிக்கொள்ளும்.
4. உள்துணி மேலே தெரியும்படி பட்டையை மேசையில் விரிக்கவும். கீழ் ஓரத்தை 6 இஞ்ச் மேல்நோக்கி மடிக்கவும். இதுதான் பையின் முன்பக்கம். மேல் ஓரத்தை 3 இஞ்ச் கீழ்நோக்கி மடித்து அதன் மேல் படியவிடவும். இதுதான் மூடி. மூடி முன்பக்கத்தின் மேல் 2 இஞ்ச் ஏறி நிற்கும்.
5. குண்டூசி குத்தி, இரண்டு பக்க ஓரங்களையும் மேலிருந்து கீழ் வரை விளிம்பை ஒட்டித் தைக்கவும். தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டி லாக் செய்யவும்.

முடிந்தது. 7 இஞ்ச் சதுரப் பை. மூடியைப் பின்பக்கமாகப் புரட்டினால் வாய் திறக்கும். சாண்ட்விச்சை உள்ளே வைத்து, மூடியை முன்பக்கம் புரட்டிவிட்டால் பையைக் கவிழ்த்தாலும் எளிதில் விழாது. வெட்டு ஓரம் எதுவும் உள்ளே இல்லாததால் நூல் பிரிந்து சாப்பாட்டில் கலக்காது.

கடைசித் தையலில் மூடி வரும் இடம் கனமாக இருக்கும். வீட்டு மெஷின் திணறினால் 16-ம் நம்பர் ஊசி மாட்டி, அந்த இடத்தை மட்டும் கைச்சக்கரத்தைச் சுற்றித் தைக்கலாம். மெஷின் இல்லாதவர்கள் கையால் பின்தையல் போடலாம். அதற்கும் நேரமில்லை என்றால், 14 இஞ்ச் சதுரக் காடாத் துணியின் நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சப்பாத்தி ரோலை வைத்து எதிரெதிர் மூலைகளை முடிந்தால் அதுவே மூட்டை.

கடலைக்குச் சுருக்குப்பை

வேர்க்கடலை, பொரி, உலர் திராட்சை போன்ற சில்லறைத் தீனிக்குச் சுருக்குப்பைதான் சரி. 8 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டை இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைக்கவும். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி கால் இஞ்ச்சில் ஒரு தையல். பிறகு பையைப் புரட்டி, பிசிறு உள்ளே அடங்கும்படி அதே ஓரத்தில் இன்னொரு தையல். பக்கத் தையலில் மேலே 2 இஞ்ச் விட்டுவிட்டு, அந்த ஓரங்களை மடித்துத் தைத்து, வாய்ப்பக்கத்தை ஒரு இஞ்ச் மடித்துத் தைத்தால் நாடா கோக்க வழி கிடைக்கும். சின்னக் குழந்தைகளின் பைக்கு நீள நாடா வேண்டாம், கழுத்தில் மாட்டி விளையாடும் ஆபத்து உண்டு. வாய் சுருங்கும் அளவுக்கு மட்டும் வைத்து முடிச்சுப் போடுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

வைக்கலாம்: பிரெட், ஜாம் அல்லது வேர்க்கடலை பட்டர் தடவிய சாண்ட்விச், சூடு ஆறிய சப்பாத்தி, பிஸ்கட், கடலை மிட்டாய், பொரி, பேரீச்சை, முழுக் கொய்யா, வாழைப்பழம்.

டப்பாதான்: சாம்பார் சாதம், தயிர் சாதம், பொடி எண்ணெய் தடவிய இட்லி, நறுக்கிய பழம், ஈரம் வடியாத சுண்டல், சட்னி சாண்ட்விச்.

சப்பாத்தியை ஹாட்பாக்ஸில் வைக்கும்போது துணி சுற்றி வைப்பது எதற்காக என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். ஆவி நீராகி நனைக்காமல் துணி வாங்கிக்கொள்ளும். அதே குணம் முறுக்குக்கு எதிரி. கடலோரக் காற்று ஈரத்தில், துணிப்பையில் வைத்த முறுக்கு மாலைக்குள் நமுத்துப் போகலாம். காலையில் கட்டி 11 மணிக்குள் சாப்பிடுவதானால் துணி. மாலை வரை மொறுமொறுப்பு வேண்டுமென்றால் இறுக்கமான மூடி போட்ட டப்பா.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். துணிப்பை உணவைக் கெடாமல் பாதுகாக்கும் குளிர்பெட்டி கிடையாது. பனீர், முட்டை, சிக்கன், மயோனைஸ் போன்றவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நம் ஊர் வெயிலுக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். ஷிப்ட்டுக்குப் போகிறவர் நாலு மணி நேரம் கழித்துச் சாப்பிடப் போகும் சாண்ட்விச்சில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

துவைப்பதில்தான் விஷயமே

பை வீடு திரும்பியதும் மூடியைப் புரட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி மூலைகளைத் தள்ளி உதறுங்கள். தூள் தங்கினால் எறும்பு வரும், பிறகு பூஞ்சை வரும். அன்றைக்கே சோப்புப் போட்டு அலசி, உள்பக்கம் வெளியே இருக்கும்படி வெயிலில் காயவையுங்கள். ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பையில்தான் அடுத்த சாப்பாடு. மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டினால் மிச்ச ஈரம் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை கொதிக்கும் நீரில் 10 நிமிடம் போட்டு எடுக்கலாம். வாசனை லிக்விட் வேண்டாம், அந்த வாசனை பிரெட்டில் ஏறும். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை விழுந்துவிட்டால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் பையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தொழிற்பேட்டை வீடுகளுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. வேலைக்குப் போட்டுவந்த யூனிஃபார்மோடு இந்தப் பையை ஒரே பக்கெட்டில் ஊறவைக்கவோ, ஒரே சுற்றில் வாஷிங் மெஷினில் போடவோ வேண்டாம். யூனிஃபார்மில் மெஷின் ஆயில், உலோகத் தூள், ரசாயனம் ஒட்டியிருக்கலாம். ஈயத் தூள் போன்றவை வேலை உடுப்பின் வழியே வீட்டுக்குள் வந்து குழந்தைகளைப் பாதிப்பது உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்த விஷயம். இட்லித் துணியை அந்த பக்கெட்டில் போட மாட்டீர்கள் அல்லவா? இதையும் போடாதீர்கள். வேலையிடத்திலும் பையை மெஷின் பக்கத்தில் தொங்கவிடாமல், லாக்கரிலோ சாப்பாட்டுக் கூடைக்குள்ளோ வைக்கச் சொல்லுங்கள். கை கழுவிவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும்.

எத்தனை பை தேவை?

ஆசையாகப் பத்துப் பை தைத்து அடுக்க வேண்டாம். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் ஏராளமான தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன. ஒரு பருத்திப் பை, பருவநிலைப் பாதிப்பில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையைவிட மேலானதாக இருக்க வேண்டுமானால் 50 முதல் 150 முறையாவது பயன்பட வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. அது கடைக்குக் கொண்டுபோகும் பை பற்றிய கணக்கு. ஆனாலும் ஸ்நாக்ஸ் பைக்கும் பாடம் அதேதான்: தைப்பதால் மட்டும் லாபமில்லை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் லாபம்.

ஆளுக்கு மூன்று பை வைத்துக்கொள்ளலாம். ஒன்று சாப்பாட்டில், ஒன்று துவையலில், ஒன்று கொடியில். வருஷத்துக்கு 200 நாள் என்றால் ஒரு பைக்கு 66 முறை வேலை. இரண்டு வருஷத்தில் 130 முறையைத் தாண்டிவிடும். பத்துப் பை இருந்தால் அதே காலத்தில் ஒவ்வொன்றும் 40 முறைதான். பழைய வேட்டியிலும் சட்டையிலும் தைத்தால் புதுத் துணிக்கான கணக்கே எழாது.

நாலு காசும் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் கணக்கோடு. துணி, நூல், மின்சாரம் எல்லாவற்றையும் எழுதும் பெண்கள், தங்கள் நேரத்துக்குக் கூலி எழுதுவதை மறந்துவிடுகிறார்கள். துணியைக் கஞ்சி போகத் துவைத்து இஸ்திரி போட்ட நேரமும் கூலியில் சேர வேண்டும். ஒவ்வொன்றாக உட்காராமல் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டி, அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் முதல் தையல் போட்டால் வேலை வேகமாக நகரும். விற்கும் பையில் 'உலர்ந்த உணவுக்கு மட்டும், முதல் முறை துவைத்துவிட்டுப் பயன்படுத்தவும்' என்று ஒரு சீட்டு வைப்பது வாங்குபவருக்கும் நல்லது, தைப்பவருக்கும் நல்லது.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் விற்பனை வாய்ப்புகளைக் கேட்கலாம். குழுப் பொருட்கள் 'மதி' என்ற பெயரில் சந்தைப்படுத்தப்படுகின்றன. மெஷின் வாங்க வசதியில்லாத, கணவரை இழந்த, கைவிடப்பட்ட பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தைப் பற்றி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

முதல் பையை விற்பனைக்குத் தைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரட்டும். மூடி தானாகத் திறந்துகொள்கிறதா, குழந்தையின் கைக்குப் புரட்ட எளிதாக இருக்கிறதா, எந்த மூலையில் தூள் தங்குகிறது, எத்தனையாவது துவையலில் தையல் விடுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொண்டு, இரண்டாவது பைக்குத் துணி வெட்டுங்கள்.